இருவர் பயணம், ஒரே திட்டம்: கம்ப்யூட்டரில் டூர் பிளான் போடலாம்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்தில் பாட்டு கேட்பது, படம் பார்ப்பது, வெளியூரில் இருக்கும் பேரனுடன் வீடியோவில் பேசுவது என்று பொழுது நன்றாகவே போகும். அதற்குப் பின், "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். என்னிடம் இப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், ஒரு பயணத்திற்குத் திட்டம் போட்டுப் பாருங்கள் என்பதுதான். ஒர்க் ஷீட், மேப், காலண்டர், பிரிண்ட் எடுப்பது என வீட்டுக் கம்ப்யூட்டரில் பழக வேண்டிய பெரும்பாலான வேலைகள் இந்த ஒன்றிலேயே வந்துவிடும்.

இங்கே கணவன், மனைவி இருவர் மட்டும் செல்லும் பயணத்தை எடுத்துக் கொள்வோம். நானும் என் மனைவியும் ஆண்டுக்கு இரண்டு முறை இப்படிக் கிளம்புகிறோம். பத்துப் பேர் கொண்ட குழுவாகச் சென்றால் ஒருவருக்குத் தெரியாதது இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும். இருவர் மட்டும் செல்லும்போது பல வீடுகளில் ஒருவர் திட்டம் போடுகிறார். மற்றவர் கூடவே போகிறார். டிக்கெட் ஒருவர் போனில், ஓட்டல் விவரம் அவருடைய மெயிலில், பணம் அவருடைய வங்கிக் கணக்கில். எல்லாம் சரியாக நடக்கும்வரை இதில் சிக்கல் இல்லை.

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற தம்பதியர் ஒரு மலைப் பிரதேசத்திற்குச் சென்றிருந்தனர். இரண்டாம் நாள் காலையில் அவருக்குத் தலை சுற்றியதால் மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, மறுநாளே எழுந்துவிட்டார். ஆனால் அந்த ஒரு நாளில் அந்த அம்மாள் பட்ட பாடு பெரிது. கணவரின் போன் லாக் ஆகியிருந்தது; திறக்கும் எண் அவருக்குத் தெரியாது. அவர் தினமும் சாப்பிடும் மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று டாக்டர் கேட்டார். மருந்துச் சீட்டின் படம் அந்தப் போனுக்குள் இருந்தது. திரும்பும் ரயிலை ரத்து செய்ய பி.என்.ஆர். எண் வேண்டும், அதுவும் அதற்குள்தான். "எல்லாம் அவரே பாத்துக்குவாரு தம்பி, நான் எதையும் கேட்டு வச்சுக்கல" என்று ஊர் திரும்பியபின் என்னிடம் சொன்னார்.

ஆகவே நாம் போடப் போகும் திட்டத்திற்கு ஒரே ஒரு விதி: இருவரில் யார் கையில் எடுத்தாலும் பயணம் தொடர வேண்டும். இனி வரும் ஒவ்வொரு படியும் இந்த விதிக்காகத்தான்.

எடுத்துக்காட்டாக ஒரு பயணம்

சென்னையிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் செல்வதாக வைத்துக் கொள்வோம். பள்ளிகள் திறந்து கூட்டம் குறையும் ஜூன் மாதம். ஜூன் 15 இரவு சென்னை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, 16 காலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயிலில் ஊட்டி. அங்கே இரண்டு இரவுகள். 18 பிற்பகல் மலை ரயிலில் இறங்கி, அன்றிரவே நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, 19 காலை சென்னை.

இந்த மலை ரயில் 1899ல் குன்னூர் வரையும், 1908ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கியது. 2005ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பாதையின் நீளம் சுமார் 46 கிலோ மீட்டர். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல் சட்டத்தைப் பற்றிக் கொண்டு இன்ஜின் மலை ஏறுகிறது. அதனால் ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரமும், இறங்குவதற்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரமும் ஆகும். போகும் நேரம் வேறு, வரும் நேரம் வேறு என்பதாலேயே இந்தப் பயணம் நம் பாடத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு.

படி 1: ஆசைப் பட்டியல்

கூகுள் ஷீட்ஸ் என்பது பிரவுசரிலேயே இயங்கும் ஒர்க் ஷீட் புரோகிராம். ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், கட்டணம் இல்லை. இன்டர்நெட் இல்லாமல் பயன்படுத்த விரும்புவோர் எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். இருவரும் ஒரே பைலைப் பார்க்க வேண்டும் என்பதால் நான் கூகுள் ஷீட்ஸையே எடுத்துக் கொள்கிறேன்.

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் நெட்டு வரிசையில் பார்க்க விரும்பும் இடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக டைப் செய்திடுங்கள். 1848ல் தொடங்கப்பட்ட அரசு தாவரவியல் பூங்கா, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா, ஊட்டி ஏரி, குன்னூர் சிம்ஸ் பூங்கா, தேயிலைத் தொழிற்சாலை, பைக்காரா என்று பட்டியல் நீளும்.

இரண்டாவது நெட்டு வரிசை கணவருக்கு, மூன்றாவது மனைவிக்கு. ஒவ்வொரு இடத்திற்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். ஒருவர் போட்டு முடித்ததும், அந்த நெட்டு வரிசையின் தலைப்பு எழுத்தில் ரைட் கிளிக் செய்து, "ஹைட் காலம்" என்பதைத் தேர்ந்தெடுத்து மறைத்துவிடுங்கள். அடுத்தவர் அதைப் பார்க்காமல் தன் மதிப்பெண்ணைப் போடட்டும். "உங்களுக்கு எது பிடிக்குதோ அதுவே சரிங்க" என்ற பதில் இங்கே செல்லாது!

நான்காவது வரிசையில் இரண்டையும் கூட்ட வேண்டும். அந்த செல்லில் சமக்குறி போட்டு, முதல் மதிப்பெண் உள்ள செல்லில் கிளிக் செய்து, கூட்டல் குறி போட்டு, இரண்டாவது செல்லில் கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். விடை வந்த செல்லின் கீழ் வலது மூலையில் இருக்கும் சிறிய புள்ளியை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா இடங்களுக்கும் கூட்டல் வந்துவிடும். பின் தலைப்பு வரிசை நீங்கலாக முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து, "டேட்டா" மெனுவில் "சார்ட் ரேஞ்ச்" மூலம் அதிக மதிப்பெண் மேலே வருமாறு அடுக்குங்கள். ஒரு நெட்டு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கினால் ஓர் இடத்தின் மதிப்பெண் இன்னோர் இடத்திற்குப் போய்விடும், கவனம் தேவை.

மொத்த மதிப்பெண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இருவரும் ஓரளவு விரும்பிப் போட்ட 2, 1 என்பதும் மூன்றுதான். ஒருவர் மிகவும் விரும்பி, மற்றவர் வேண்டாம் என்று போட்ட 3, 0 என்பதும் மூன்றுதான். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் வழி: ஆளுக்கு ஓர் இடம் மற்றவர் மதிப்பெண்ணைப் பார்க்காமல் உறுதி. ஐந்தாவது வரிசையை "குறிப்பு" என்று வைத்துக் கொள்ளுங்கள். சிம்ஸ் பூங்காவுக்கு 3 போட்ட என் மனைவி, பக்கத்தில் "இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும்" என்று எழுதியிருந்தார். அந்த இடத்திற்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதை இந்தக் குறிப்புதான் சொல்கிறது.

படி 2: பயண அட்டவணை

அதே பைலில் கீழே உள்ள கூட்டல் குறியில் கிளிக் செய்தால் இன்னொரு ஷீட் கிடைக்கும். அதில் கீழ்க்கண்ட தலைப்புகளை வரிசையாகக் கொடுங்கள்.

1. எங்கிருந்து – எங்கே
2. எதில், வண்டி எண்
3. புறப்படும் நேரம்
4. சென்று சேரும் நேரம்
5. அடுத்ததற்கு இடைவெளி
6. பி.என்.ஆர். அல்லது முன்பதிவு எண்
7. செலவு
8. இல்லையென்றால் என்ன?

நேரத்தை டைப் செய்யும்போது தேதியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இரவு ஏறி மறுநாள் காலை இறங்கும் பயணத்தில் நேரம் மட்டும் இருந்தால் கம்ப்யூட்டர் தவறாகக் கழித்துவிடும். நாள், மாதம், ஆண்டு, பின் ஓர் இடைவெளி விட்டு 21:05 என்பதுபோல் 24 மணி நேர முறையில் நேரம் என்ற வரிசையில் டைப் செய்திடுங்கள். மாதத்தை எண்ணாகக் கொடுக்காமல் ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கமாகக் கொடுப்பது நல்லது. அமெரிக்க முறையில் செட் செய்யப்பட்ட கம்ப்யூட்டர் 6/7 என்பதை ஜூன் 7 என்று எடுத்துக் கொள்ளும். நாம் நினைத்தது ஜூலை 6ஆக இருக்கும்.

இடைவெளியைக் கண்டுபிடிக்க, ஐந்தாவது வரிசையின் செல்லில் சமக்குறி போட்டு, அடுத்த வண்டி புறப்படும் நேரத்தில் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, இந்த வண்டி சென்று சேரும் நேரத்தில் கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். விடை புரியாத எண்ணாக வந்தால், "பார்மட்" மெனுவில் "நம்பர்" சென்று "டியூரேஷன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மணியும் நிமிடமும் தெரியும்.

நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை 6.15 மணி வாக்கில் மேட்டுப்பாளையம் சேர்கிறது. மலை ரயில் 7.10க்குப் புறப்படுகிறது. இடைவெளி 55 நிமிடம். திரும்பும்போது மலை ரயில் ஊட்டியில் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி மாலை 5.35 வாக்கில் மேட்டுப்பாளையம் வருகிறது. இரவு ரயில் 9 மணிக்குப் பிறகுதான். இடைவெளி மூன்று மணி நேரத்திற்கும் மேல். ரயில் நேரங்கள் மாறக் கூடியவை என்பதால் பதிவு செய்யும் நாளில் ஒரு முறை சரி பார்த்துக் கொள்ளுங்கள். விடை கழித்தல் குறியுடன் வந்தால், நாம் சேர்வதற்கு முன்பே அடுத்த வண்டி கிளம்பிவிடும் என்று பொருள். எக்ஸெல்லில் இதே இடத்தில் செல் முழுவதும் ##### என்று காட்டும்.

எட்டாவது தலைப்பான "இல்லையென்றால் என்ன?" என்பதை யாரும் நிரப்புவதில்லை. இருவர் பயணத்தில் அதுதான் முக்கியம். மலை ரயிலுக்கு நேராக, "மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி பஸ்" என்று எழுதி வையுங்கள். வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் பாதையில் மண் சரிந்து மலை ரயில் நிறுத்தப்படுவது அடிக்கடி நடப்பதுதான். அப்போது பிளாட்பாரத்தில் நின்று யோசிக்க வேண்டியதில்லை. தாளைப் பார்த்தால் போதும்.

படி 3: முன்பதிவு திறக்கும் நாள்

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. முன்பு இது 120 நாட்களாக இருந்தது. விரல் விட்டு எண்ண வேண்டாம். ஒரு செல்லில் பயணத் தேதியைக் கொடுங்கள். பக்கத்து செல்லில் சமக்குறி போட்டு, தேதி உள்ள செல்லில் கிளிக் செய்து, கழித்தல் குறியும் 60ம் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஜூன் 15க்கு விடை ஏப்ரல் 16.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மலை ரயிலில் நாம் ஏறும் நாள் ஜூன் 16. அதற்கு முன்பதிவு ஏப்ரல் 17ல்தான் திறக்கும். ஆக, போகும் பயணத்திற்கு மட்டும் அடுத்தடுத்த இரண்டு நாட்கள் காலை 8 மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும். திரும்பும் இரண்டு ரயில்களும் ஜூன் 18 என்பதால் இரண்டுக்கும் ஏப்ரல் 19. மூன்று தேதிகளையும் கூகுள் காலண்டரில் போட்டு, முதல் நாள் மாலையிலும் அன்று காலை 7.30க்கும் நினைவூட்டல் வருமாறு செட் செய்திடுங்கள். அந்த நிகழ்ச்சியில் "ஆட் கெஸ்ட்ஸ்" என்ற இடத்தில் துணைவரின் மெயில் முகவரியைக் கொடுத்தால் அவர் காலண்டரிலும் அது வந்துவிடும்.

படி 4: டிக்கெட் எடுக்கும்போது

ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் இருவரும் தனித்தனிக் கணக்கு வைத்துக் கொள்ளுங்கள்; இரண்டையும் ஆதார் மூலம் சரி பார்த்து வையுங்கள். 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரி பார்த்த கணக்கில்தான் இணையத்தில் தட்கல் டிக்கெட் எடுக்க முடியும். 2025 அக்டோபர் முதல், சாதாரண முன்பதிவு திறக்கும் தொடக்க நேரத்திற்கும் இது தேவைப்படுகிறது. ஒருவர் கணக்கு திறக்க மறுத்தாலும் மற்றவர் கணக்கில் வேலை முடியும்.

இருவருக்கும் பயன்படும் ஒரு வசதி லோயர் பெர்த் ஒதுக்கீடு. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் இது உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் தனியாகவோ அல்லது இந்த வயது நிபந்தனைக்கு உட்பட்ட இருவராகவோ பயணம் செய்தால்தான் கிடைக்கும். மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்தால் இந்த ஒதுக்கீட்டில் எடுக்க முடியாது. கோட்டா பட்டியலில் "லோயர் பெர்த்/சீனியர் சிட்டிசன்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு இந்த ஒரு கிளிக் பெரிய உதவி. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது என்பதால், பழைய கணக்கில் செலவைக் குறைத்துப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது இணைப்புப் பயணம். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது ரயிலைத் தவறவிட்டால் என்ன செய்வது? 2019 ஏப்ரல் 1 முதல், இரண்டு டிக்கெட்டுகளின் பி.என்.ஆர். எண்களை ஒன்றுடன் ஒன்று இணைத்துக் கொள்ளலாம். அப்படி இணைத்திருந்தால், தவறவிட்ட ரயிலின் கட்டணத்தை ரத்துக் கட்டணம் இல்லாமல் திரும்பப் பெற விதி இருக்கிறது. இரண்டு டிக்கெட்டிலும் பயணிகளின் விவரங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியலுடனும் மற்றொன்றில் இனிஷியல் இல்லாமலும் பெயர் கொடுக்காதீர்கள். 55 நிமிட இடைவெளி உள்ள நம் எடுத்துக்காட்டிற்கு இது அவசியம்.

ஒருவர் கணக்கில் எடுத்த டிக்கெட் மற்றவர் கணக்கில் தெரியாது. எனவே டிக்கெட் எடுத்த உடனே பி.டி.எப். பைலையும், வந்த எஸ்.எம்.எஸ். செய்தியையும் துணைவரின் போனுக்கு அனுப்புங்கள். ரயிலில் காட்ட டிக்கெட் விவரமும், டிக்கெட்டில் உள்ள ஒருவரின் அசல் அடையாள அட்டையும் போதும். டிஜிலாக்கரில் உள்ள ஆதாரையும் காட்டலாம். ஆனால் அது "இஷ்யூட் டாக்குமென்ட்ஸ்" பிரிவில் இருக்க வேண்டும். நாமே படமெடுத்து அப்லோட் செய்தது ஏற்கப்படாது. இருவரும் அவரவர் அட்டையை அவரவர் பையில் வைத்துக் கொள்வதே நல்லது.

படி 5: மேப்பில் ஒரு சுற்று

இப்போது கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து, ஆசைப் பட்டியலில் மேலே வந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இடத்தின் பெயருக்குக் கீழே உள்ள "சேவ்" பட்டனில் கிளிக் செய்து, "ஊட்டி ஜூன்" என்ற பெயரில் புதிய பட்டியல் ஒன்றை உருவாக்கி அதில் சேர்த்திடுங்கள். அந்தப் பட்டியலை ஷேர் செய்தால் இருவர் போனிலும் இடங்கள் குறியிட்டுக் காட்டப்படும்.

பட்டியலை மேப்பில் பார்க்கும்போதுதான் திசை புரியும். குன்னூர் ஊட்டிக்கு ஒரு பக்கம், ஏறத்தாழ 20 கிலோ மீட்டர். பைக்காரா கூடலூர் சாலையில் மறு பக்கம், அதுவும் ஏறத்தாழ அதே தூரம். இரண்டையும் ஒரே அரை நாளில் போட்டால் பார்ப்பதைவிட காரில் உட்கார்ந்திருக்கும் நேரமே அதிகமாகும். குன்னூரை ஒரு நாளைக்கும், தாவரவியல் பூங்கா, ஏரி இரண்டையும் வந்து சேரும் நாளின் மாலைக்கும் வைத்தால் கால்களுக்கும் ஓய்வு கிடைக்கும்.

இரண்டு இடங்களுக்கு இடையே வழி கேட்கும்போது, "லீவ் நவ்" என்பதில் கிளிக் செய்து "டிபார்ட் அட்" என மாற்றி, நாம் உண்மையில் கிளம்பும் நாளையும் நேரத்தையும் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமை காலைக்குப் பொருந்தாது. கோடை சீசனில் மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையும் கோத்தகிரி சாலையும் ஒரு வழிப் பாதைகளாக மாற்றப்படுவதும் உண்டு. சொந்தக் காரில் செல்பவர்கள் இ-பாஸ் நிலவரத்தையும் பார்த்துக் கொள்ள வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7ல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை வந்தது.

படி 6: இருவர் கையிலும் கொடுப்பது

ஷீட்டின் வலது மேல் மூலையில் உள்ள "ஷேர்" பட்டனில் கிளிக் செய்து, துணைவரின் மெயில் முகவரியைக் கொடுத்து, "எடிட்டர்" என்று தேர்ந்தெடுங்கள். "வியூவர்" என்று கொடுத்தால் பார்க்க மட்டுமே முடியும். திருத்தும் உரிமை இருந்தால்தான் இது இருவர் திட்டம். ஊரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ "வியூவர்" உரிமை கொடுத்து வைத்தால், எந்த நேரத்தில் எங்கே இருக்கிறீர்கள் என்று அவர்களும் தெரிந்து கொள்வார்கள்.

மலைப் பாதையில் பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது. அதற்காகக் கிளம்பும் முன் வீட்டிலேயே, இரண்டு போன்களிலும் இவற்றைச் செய்து வையுங்கள்.

• கூகுள் ஷீட்ஸ் ஆப்பில் நம் பைலுக்கு "மேக் அவைலபிள் ஆஃப்லைன்" கொடுங்கள்.

• கூகுள் மேப்ஸ் ஆப்பில் உங்கள் படத்தின்மேல் தட்டி, "ஆஃப்லைன் மேப்ஸ்" சென்று, மேட்டுப்பாளையம் முதல் பைக்காரா வரை உள்ள பகுதியைக் கட்டத்திற்குள் கொண்டு வந்து டவுண்லோட் செய்திடுங்கள். நெட் இல்லாதபோது கார் வழி காட்டும். நடைபாதை, பஸ் விவரங்கள் கிடைக்காது. இந்த வசதி போனில் மட்டும்தான், கம்ப்யூட்டரில் இல்லை.

• "வேர் இஸ் மை டிரெயின்" ஆப்பை இன்ஸ்டால் செய்திடுங்கள். ரயிலில் இருக்கும்போது செல்போன் கோபுரங்களை வைத்தே வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும், இன்டர்நெட் தேவையில்லை. ரயில் தொடர்பான உதவிக்கு 139 என்ற எண்ணை அழைக்கலாம்.

• போன் செட்டிங்ஸில் அவசர கால மருத்துவத் தகவல் என்ற பகுதியில் ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரைகள், துணைவரின் எண் ஆகியவற்றைக் கொடுத்து வையுங்கள். போன் லாக் ஆகியிருந்தாலும் "எமர்ஜென்சி" என்பதைத் தட்டி மற்றவர்கள் இதைப் படிக்க முடியும். எங்கள் தெரு அம்மாளுக்கு அன்று தேவைப்பட்டது இதுதான்.

• கூட்டமான இடத்தில் தனித்தனியே சுற்ற நேர்ந்தால், வாட்ஸ்அப்பில் "லைவ் லொகேஷன்" அனுப்பிக் கொள்ளுங்கள். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று கால அளவு கொடுக்கலாம்.

எடுத்துச் செல்ல வேண்டிய பொருட்களுக்குக் கூகுள் கீப் போதும். பட்டியலை இருவரும் பகிர்ந்து கொண்டு, பையில் வைத்ததும் டிக் செய்துவிடலாம். நீலகிரி மாவட்டத்தில் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை உள்ளது. எனவே எவர்சில்வர் பாட்டில் பட்டியலில் இருக்கட்டும். மலை ரயிலில் பெட்டி வைக்க இடம் குறைவு. ஆளுக்கு ஒரு சிறிய பை என்று வைத்துக் கொண்டு, மாத்திரைகளை இரண்டாகப் பிரித்து இரண்டு பைகளிலும் போடுங்கள்.

எச்சரிக்கையாக இருங்கள்

ஷீட்டில் எல்லாவற்றையும் எழுதலாம் என்று பாஸ்வேர்டு, ஏ.டி.எம். பின் எண், முழு ஆதார் எண் ஆகியவற்றை எழுதி வைக்கக் கூடாது. இவற்றை நேரில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்ளுங்கள்.

ஓட்டல் அல்லது ரயில்வேயின் உதவி எண்ணைத் தேடல் தளத்தில் தேடி, முதலில் வரும் எண்ணை அழைக்காதீர்கள். போலி எண்களும் போலி தளங்களும் அங்கே கலந்திருக்கும். ஐ.ஆர்.சி.டி.சி. டாட் கோ டாட் இன் என்ற முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே செல்லுங்கள். ஓட்டலுக்கு முன்பணம் அனுப்பும் முன், மேப்பில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், ஓட்டலின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணுடன் ஒப்பிட்டுப் பேசிவிடுங்கள். பணம் மோசடி போனது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

படி 7: ஒரு பக்கத் தாள்

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொண்டு வாருங்கள். ஷீட்டில் "பைல்" மெனு சென்று "பிரிண்ட்" கிளிக் செய்திடுங்கள். பக்கத்தை "லேண்ட்ஸ்கேப்" ஆகவும், "ஸ்கேல்" என்ற இடத்தில் "பிட் டு விட்த்" என்றும் கொடுத்தால் அட்டவணை முழுவதும் தாளின் அகலத்தில் அடங்கும். பிரிண்டர் இல்லாதவர்கள் பி.டி.எப். பைலாக சேவ் செய்து, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கலாம். எழுத்து மிகச் சிறியதாக வந்தால், செலவு வரிசையை மறைத்துவிட்டு மறுபடி எடுங்கள். கண்ணாடி இல்லாமலும் படிக்க முடிய வேண்டும்.

தாளின் அடியில் ஓட்டலின் பெயர், முகவரி, தொலைபேசி எண், குடும்ப டாக்டர் எண், பிள்ளைகள் எண், ஆம்புலன்சுக்கு 108, அவசர உதவிக்கு 112 ஆகியவை இருக்கட்டும். இருவரின் மாத்திரைப் பட்டியலையும் அளவுடன் சேர்த்திடுங்கள். இரண்டு பிரதிகள், ஆளுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே பையில் வைக்கக் கூடாது. பேட்டரி தீர்ந்தாலும் போன் தண்ணீரில் விழுந்தாலும் இந்தத் தாள் இருக்கும்.

பயிற்சி: மற்றவருக்கு ஆறு கேள்விகள்

கிளம்புவதற்கு இரண்டு நாட்கள் முன்பு, திட்டம் போடாதவர் கையில் தாளை மட்டும் கொடுங்கள். போனும் கம்ப்யூட்டரும் தள்ளி இருக்கட்டும். திட்டம் போட்டவர் வாய் திறக்கக் கூடாது.

1. முதல் ரயிலின் எண், ஏற வேண்டிய பெட்டி, இருக்கை எது?
2. மேட்டுப்பாளையத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது? மலை ரயில் ஓடாவிட்டால் என்ன செய்வீர்கள்?
3. ஊட்டியில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் எந்த முகவரியைச் சொல்வீர்கள்?
4. துணைவர் தினமும் சாப்பிடும் மாத்திரை எது, எவ்வளவு?
5. திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்ய எந்த எண் தேவை? அதை யார் கணக்கில் எடுத்திருக்கிறது?
6. கையில் எவ்வளவு ரொக்கம் இருக்கிறது? உங்கள் போனிலிருந்து நீங்களே பணம் அனுப்ப முடியுமா?

பதில் வராத கேள்வி எதுவோ, அந்த இடத்தில் தாளில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். அதைச் சேர்த்து மறுபடி பிரிண்ட் எடுங்கள். எங்கள் வீட்டில் முதல் முறை ஐந்தாவது கேள்விக்கும் ஆறாவது கேள்விக்கும் தாளில் பதில் இல்லை. பத்து நிமிட வேலையில் இரண்டும் சரியாயின.

ஊர் திரும்பியதும் பைலைத் திறந்து, திட்டமிட்ட செலவுக்குப் பக்கத்தில் உண்மையில் ஆன செலவையும், கூடுதலாக ஆன நேரத்தையும் எழுதி வையுங்கள். பின் "பைல்" மெனுவில் "மேக் எ காப்பி" கொடுத்து, "மாதிரி" என்ற பெயரில் ஒரு நகல் எடுத்திடுங்கள். அடுத்த பயணத்திற்கு ஊர்ப் பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். கூட்டலும் கழித்தலும் தானாக நடக்கும். ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: அப்போது கீபோர்டு முன்னால் மற்றவர் உட்காரட்டும்.